பதினேழாம் எண்ணில் இரண்டு குடித்தனம்

"நாலு மணிக்கு போலீஸ் வரும். அதுக்குள்ள அறிக்கையில நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும் மேடம். குற்றவாளியைத்தான் நாங்களே பிடிச்சு வெச்சிருக்கோமே!"

முரேத்தி இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது மணி இரண்டு பத்து. நைரோபியில், லுங்கா லுங்கா சாலையில் இருக்கிற கிக்காப்பு நிறுவனத்தின் மேலாளர் அவர். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்துக் காப்பாற்றுகிற இன்குபேட்டர் பெட்டிகள்தான் அவர்கள் சரக்கு. நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் நாற்பது பெட்டிகள் ஓடுகின்றன. போன வாரம் அதில் மூன்றுக்குக் கிறுக்குப் பிடித்து, குழந்தை உள்ளே இருக்கும்போதே கொதிக்க ஆரம்பித்துவிட்டன. நர்சுகள் சுதாரித்துத் தூக்கிவிட்டதால் மூன்று குழந்தைகளும் பிழைத்தன.

என் முதலாளியம்மா நெகேசா டீயை உறிஞ்சினார். வயது ஐம்பத்திரண்டு. துப்பறிய வருவதற்கு முன்னால் இருபது வருடம் நிலப் பத்திரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர். ஒரே மனையை நாலு பேருக்கு விற்கிற ஆசாமிகளைக் கம்பி எண்ண வைத்தவர். நான் ஒங்கேரி, அவருடைய உதவியாள். அதற்கு முன்னால் மட்டாட்டு வேனில் கண்டக்டர். வேலையை விட்டுவிட்டேன், வாய் மட்டும் இன்னும் அந்தப் படியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

"வெறும் கையெழுத்துக்கு எங்க மேடம் எதுக்கு சார்? ரிவர் ரோட்ல ரப்பர் ஸ்டாம்ப் கடை வரிசையா இருக்கே" என்றேன்.

"ஒங்கேரி, வாயை மூடு. சார், அந்தப் பொண்ணுதான்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

முரேத்தி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "பெட்டியோட மூளை ஒரு போர்டு மேடம். அதை ஓட்டற மென்பொருள்தான் கெர்னல். எங்ககிட்ட இருபத்து மூணு விதமான போர்டு இருக்கு, எல்லாத்துக்கும் ஒரே கெர்னல்தான். ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒயர் ஒவ்வொரு மாதிரி போகும். ஃபேன் எந்த பின்ல, அதாவது எந்த முனையில இருக்கு, ஹீட்டர் எந்த பின்ல இருக்குன்னு போர்டுக்கு ஒரு கோப்பு எழுதி வெச்சிருக்கோம். கரண்டு வந்ததும் போர்டு தன்னோட எண்ணைச் சொல்லும். கெர்னல் அந்த எண்ணுக்கான கோப்பைத் தேடி எடுத்து, அதுபடி நடந்துக்கும்."

"வீட்டு நம்பரைப் பார்த்துத் தபால் போடற மாதிரி" என்றார் மேடம்.

"அதேதான். அந்த இருபத்து மூணு கோப்பையும் ஒழுங்குபடுத்தச் சொல்லி செரோனோகிட்ட கொடுத்தேன். நாலு வாரம் அதுலயே உட்கார்ந்திருந்தா. இப்ப எதைத் திறந்தாலும் கடைசியா கை வெச்சது அவதான்னு காட்டுது. புதுப் பதிப்பை முதல்ல மூணு பெட்டியில ஏத்தினதும் அவதான். அந்த மூணுதான் கொதிச்சது. சம்பளம் ஏத்தச் சொன்னா, முடியாதுன்னேன். கேன்டீன்ல பத்து பேர் முன்னாடி, 'இந்தக் கம்பெனி ஒருநாள் பத்தி எரியும்'னு கத்தியிருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"மிச்சம் முப்பத்தேழு பெட்டி?"

"பழைய பதிப்புல நல்லா ஓடுது. ஆனா சுகாதார அமைச்சகம் சும்மா விடலை. சுத்தம் பண்ணின பதிப்பு எல்லாத்துலயும் ஏறியாச்சுன்னு இன்னிக்கே எழுதிக் கொடுக்கணுமாம். ஆஸ்பத்திரில ஓடறதெல்லாம் ட்விகா, அதாவது ஒட்டகச்சிவிங்கின்னு பேர் வெச்ச போர்டு. செரோனோ தொட்ட ட்விகா கோப்பைத் தூக்கிப் போட்டுட்டு, அவ வர்றதுக்கு முன்னாடி இருந்ததையே வெச்சுட்டேன். தன்னோட கடிகாரத்துல நாலு மணி ஆனதும் ஒவ்வொரு பெட்டியும் போன் சிக்னல் வழியா தானே அதை எடுத்துக்கும்."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். "பொண்ணைப் பாக்கணும்."

செரோனோவைக் கூட்ட அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வாசலில் காவலாளி லெமாயன், ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். போனையும் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று அவரே ரகசியமாகச் சொன்னார். உள்ளே இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். அழுவாள் என்று எதிர்பார்த்துக் கைக்குட்டையெல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவள் எழுந்து வந்து நேராக மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நாலு மணிக்கு அந்தப் பதிப்பை அனுப்ப வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"முதல்ல உன் பக்கத்துக் கதையைச் சொல்லும்மா."

"என் கதை கிடக்கட்டும். கெரிச்சோவுல ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்க ஒரு பெட்டியில என் அண்ணன் பொண்ணு இருக்கா. ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டா. ஒண்ணேகால் கிலோ." மூச்சு வாங்கினாள். "நான் கெடுத்திருந்தா, எதைக் கெடுத்தேன்னு எனக்குத் தெரியுமே! நான் கெடுக்கலை மேடம். அப்படின்னா கெட்டது எதுவோ அது இன்னும் உள்ளதான் உட்கார்ந்திருக்கு. என்னன்னே தெரியாம முப்பத்தேழு பெட்டிக்கும் அனுப்பப் போறாங்க."

இவள் குற்றவாளி என்றால் முப்பத்தேழு குழந்தைகளும் பத்திரம். இவள் நிரபராதி என்றால் நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததே இல்லை.

"எல்லாக் கோப்புலயும் உன் பேர்தான் இருக்காமே?" என்றேன்.

"எல்லாத்தையும் எடுத்து அடுக்கினது நான்தானே?"

"வெள்ளையடிச்சவன் கை எல்லாச் சுவத்துலயும்தான் பட்டிருக்கும்" என்றார் மேடம். "சரி, சொல்லு. புதுசா ஒரு போர்டு வந்தா அதுக்கு எப்படிக் கோப்பு எழுதுவீங்க?"

செரோனோ லேசாக வெட்கப்பட்டாள். "எழுத மாட்டோம் மேடம். பழைய போர்டு ஒண்ணோட கோப்பை அப்படியே நகலெடுப்போம். பேரை மாத்துவோம். ஒயர் மாறின இடத்தை மட்டும் திருத்துவோம். எல்லாரும் அப்படித்தான். அவசரம்."

"ட்விகா எதோட நகல்?"

"கிபோகோவோட நகல். எங்க முதல் போர்டு. நீர்யானைன்னு பேர் வெச்சதுக்கு ஏத்த மாதிரி தடியா இருக்கும். அதெல்லாம் ஆஸ்பத்திரிகள்லேர்ந்து திரும்ப வாங்கியாச்சு."

மேடத்தின் கண் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். பழைய பத்திரத்தில் மையின் வாசனையை முகர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

"பத்திரத்தை நகலெடுத்துப் பேரை மாத்தறவன் எதை மாத்த மறப்பான் தெரியுமா ஒங்கேரி?"

"பொண்டாட்டிக்குப் பங்கு கொடுக்க."

"மனை எண்ணை! செரோனோ, இந்த போர்டு எண்ணையெல்லாம் யார் கொடுக்கறா?"

"கீழ ஸ்டோர்ல முவெண்டே அக்கா. ஒரு நோட்டு வெச்சிருப்பாங்க. கோப்பு எழுதறதுக்கு முன்னாடி அங்க போய் எண் வாங்கணும். அது இங்க சட்டம்."

மணி இரண்டு ஐம்பது. படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினோம். மேடம் தாவவில்லை, நான்தான் தாவினேன். ஆனாலும் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார், எப்படியோ.

ஸ்டோர் கம்பித் தடுப்புக்குப் பின்னால் முவெண்டே சுட்ட சோளத்தை வரிசை பிசகாமல் கடித்துக்கொண்டிருந்தார். நோட்டைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எண் வேணும்னா போர்டு கொண்டு வா. போர்டு இல்லாதவனுக்கு எண் கிடையாது."

"எனக்கே ஒரு எண் கொடுங்கக்கா. நானும் ரொம்ப நாளா தனியாத்தான் இருக்கேன்."

"உனக்குப் பூஜ்ஜியம்" என்றார் முவெண்டே, சோளத்தை வைத்துவிட்டு. ஆனால் நோட்டு வந்துவிட்டது.

மேடம் விரலை வைத்துத் தேடினார். கிபோகோ, பதினேழு. ட்விகா, முப்பத்தொன்று. என் முகம் தொங்கிப்போனது. வேறு வேறு போர்டு, வேறு வேறு எண், எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மேடத்தின் விரல் மட்டும் நகரவில்லை. "முவெண்டே, எல்லா வரியிலயும் கடைசிக் கட்டத்துல உங்க கையெழுத்து இருக்கு. முப்பத்தொண்ணுல மட்டும் இல்லையே, ஏன்?"

முவெண்டே கையைத் துணியில் துடைத்தார். குரல் மாறியது. "அது போர்டுல எண் சரியா இருக்குன்னு நான் பார்த்துப் போடற கையெழுத்து. போர்டு ஓரத்துல அஞ்சு இடம் இருக்கும். அதுல கடுகு மாதிரி சில்லு வெச்சுப் பத்தவைப்பாங்க. எந்த இடத்துல சில்லு இருக்கு, எது காலியா இருக்குங்கறதுதான் எண். இடத்துக்கு ஒரு மதிப்பு, ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு; சில்லு இருக்கற இடத்தை மட்டும் கூட்டணும். முப்பத்தொண்ணுன்னா அஞ்சு இடத்துலயும் இருக்கணும்."

"இருந்துச்சா?"

"வெளிநாட்டுல செஞ்சு நாற்பது போர்டு வந்துச்சு. ஒண்ணுலயும் இல்லை. முதல் இடத்துலயும் கடைசி இடத்துலயும் மட்டும் சில்லு. திருப்பி அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், நாங்க பாத்துக்கறோம்னாங்க. நான் கையெழுத்து மட்டும் போடலை."

"யார் சொன்னது?"

"மேலிடத்து உத்தரவு. மேலிடத்துக்குப் பேர் கேட்டா வேலை போயிடும் மேடம், எனக்கு மூணு பிள்ளைங்க."

"முதலும் கடைசியும் மட்டும்னா என்ன எண்?"

முவெண்டே விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "பதினாறும் ஒண்ணும்... பதினேழு." நோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அடக் கடவுளே! அது கிபோகோ எண்ணாச்சே!"

"போர்டுக்குப் படம் வரைஞ்சவனும் கிபோகோவையே நகலெடுத்திருக்கான்" என்றேன். இந்த ஊரில் யாராவது எதையாவது புதிதாகச் செய்கிறார்களா என்று சந்தேகமாகிவிட்டது.

மறுபடி மாடி. மணி மூன்று இருபது. லெமாயன் எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார்.

"செரோனோ, ஒரே ஒரு கேள்வி" என்றார் மேடம். "ஒரே எண்ணுக்கு ரெண்டு கோப்பு இருந்தா கெர்னல் எதை எடுக்கும்?"

"இருக்காது மேடம். எண்ணெல்லாம் பதிவேட்டுல..."

"இருந்தா?"

"மேலேர்ந்து வரிசையா பாத்துட்டே வரும். முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுடும்."

"அந்த வரிசையில எது மேல இருந்துச்சு?"

"ட்விகாதான் எல்லாத்துக்கும் உச்சியில இருந்துச்சு. எதுக்குன்னு ஒரு குறிப்புகூட இல்லை. நேத்து வந்தது மேல, மூத்தது கீழ. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அதனால நான்..."

அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன்.

"வயசு வரிசையில அடுக்கிட்டேன் மேடம். கிபோகோ மேல. ட்விகா கீழ."

"ட்விகா போர்டும் பதினேழுன்னுதான் சொல்லுது" என்றார் மேடம் மெதுவாக. "ஒரே மனைக்கு ரெண்டு பத்திரம். யார் முதல்ல கண்ணுல படறாங்களோ அவங்க வீடு."

"அப்ப என் ட்விகா பெட்டியை கிபோகோன்னு நினைச்சு..." செரோனோ மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "கிபோகோவுல ஃபேன் இருக்கற பின், ட்விகாவுல ஹீட்டர். குழந்தைக்குச் சூடு அதிகமானா ஃபேனைப் போடுன்னு கெர்னல் சொல்லும். அந்த பின்ல இருக்கறது ஹீட்டர். சூடு ஏற ஏற..."

"இன்னும் ஏத்தும்" என்று நான் முடித்தேன். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"நான்தானா மேடம்? மூணு குழந்தைங்களையும் வேக வெச்சது நான்தானா?" இப்போதுதான் அழுதாள். "எண்ணை ஒரு தடவை சரிபார்த்திருக்கலாமே! பதிவேட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேனே!"

மேடம் அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நீ கதவைத் திறந்தே. பாம்பை உள்ள கொண்டுவந்து வெச்சது வேற ஆளு. அழறதை அப்புறம் வெச்சுக்கோ. முரேத்தி பழைய ட்விகா கோப்பைத் திரும்ப வெச்சிருக்கார். அந்த வரிசை?"

செரோனோ மூக்கை உறிஞ்சினாள். "வரிசை அந்தக் கோப்புல இல்லை, வேற இடத்துல இருக்கு. அதை அவர் தொட்டிருக்க மாட்டார்... கடவுளே, மணி என்ன?"

மூன்று முப்பத்தொன்று. லெமாயனைக் கேட்டேன், "அண்ணே, இவளை வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவுதானே?" அவர், "தனியா விடக்கூடாதுன்னுதான் உத்தரவு" என்று சொல்லிவிட்டுக் கூடவே ஓடிவந்தார்.

முரேத்தி அமைச்சகத்துக்கு அனுப்பும் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். செரோனோவைப் பார்த்ததும் எழுந்தார். "இவளை எதுக்கு வெளிய கூட்டிட்டு வந்தீங்க?"

"நாலு மணிக்கு அனுப்பறதை நிறுத்துங்க" என்றார் மேடம். "இந்தப் பதிப்பைச் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"நாலு தடவை! இதோ, இந்த மேஜை மேலயே. கச்சிதமா ஓடிச்சு."

மேஜை ஓரத்தில் கிடந்த போர்டைப் பார்த்தேன். தடியாக, அகலமாக. "சார், இது கிபோகோ இல்லையா?"

"ட்விகா எல்லாம் வித்துப்போச்சு. கையில ஒண்ணும் இல்லை. இதுல ஓடினா அதுலயும் ஓடும்."

"நீர்யானைக்கு ஜுரம் பார்த்துட்டு ஒட்டகச்சிவிங்கி நல்லாருக்குன்னு சொல்றீங்களே சார்!"

"ஒங்கேரி!" என்று அதட்டிவிட்டு மேடம் திரும்பினார். "முரேத்தி சார், உங்க கெர்னல்ல ரெண்டு போர்டுக்கு ஒரே எண் இருக்கு. தெரியுமா?"

"அதனால ஒரு ஆபத்தும் இல்லை மேடம். கிபோகோ ஒண்ணுகூட வெளிய ஓடலை. பதினேழுன்னு கேட்டா ட்விகாதான்..."

சட்டென்று நிறுத்தினார்.

"ரெண்டு போர்டுன்னுதான் சொன்னேன்" என்றார் மேடம். "எந்த ரெண்டுன்னு நான் சொல்லவே இல்லையே. பதிவேட்டுல ட்விகாவுக்கு முப்பத்தொண்ணு. நோட்டை நம்பினவங்க எல்லாரும் முப்பத்தொண்ணுன்னுதான் சொல்வாங்க. பதினேழுன்னு சொல்லணும்னா, அதைக் கையால மாத்தினவராத்தான் இருக்கணும்."

முரேத்தி நெற்றியைத் துடைத்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் இங்க தலைமைப் பொறியாளர். நாற்பது போர்டும் தப்பா வந்துச்சு. திருப்பி அனுப்பினா ஆறு மாசம். ஆஸ்பத்திரியெல்லாம் பெட்டி எங்க, பெட்டி எங்கன்னு கத்துது. கிபோகோதான் எப்படியும் போகப்போகுதே. ட்விகா கோப்புல எண்ணைப் பதினேழாக்கி, வரிசையில உச்சியில வெச்சேன். ஓடுச்சு. அப்புறம் மறந்தே போச்சு."

"ஒரு வரி குறிப்பு எழுதியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே சார்!" செரோனோ கத்தினாள். "ஒரே ஒரு வரி!"

"இப்ப என்ன? பழைய கோப்பைத்தான் வெச்சுட்டேனே! எல்லாம் சரியா ஓடும்" என்றார் அவர். அதை நம்ப ஆசைப்படுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

மேடம் பக்கத்து அறைக்குள் போனார். கொதித்துத் திரும்பி வந்த மூன்று பெட்டிகளும் அங்கே, போலீஸ் முத்திரை ஒட்டிய நாடா சுற்றிக் கிடந்தன. இந்தக் கட்டடத்தில் இருக்கிற ட்விகாக்கள் அவை மட்டும்தான்.

"மேடம்! அது போலீஸ் சீல்!"

சர்ரென்று ஒரு சத்தம். "கிழிச்சாச்சு" என்றார் மேடம். "கேஸ் என் பேர்ல எழுதிக்கட்டும். செரோனோ, நாலு மணிக்குப் போற பதிப்பை இதுல ஏத்து."

செரோனோ ஒரு எழுத்துகூடத் தவறாமல் தட்டினாள். மூன்று நாற்பத்தைந்துக்குப் பெட்டி உயிர்பெற்றது. சூடு பார்க்கிற முனையை எடுத்து மேடம் முரேத்தியின் சுடச்சுட இருந்த டீக் கோப்பையோடு ஒட்டிப் பிடித்தார். குழந்தைக்கு ஜுரம் என்று பெட்டி நினைத்துக்கொள்ளட்டும். திரையில் எழுத்து ஓடியது: சூடு அதிகம். விசிறி இயங்குகிறது.

விசிறி அசையவே இல்லை. அதன் பின்னால் இருந்த கம்பிச் சுருள் மெல்லச் சிவக்கத் தொடங்கியது. திரை மட்டும் விசிறி இயங்குகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். முரேத்தி அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க. நிறுத்துங்க" என்றார் மேடம்.

"என் பாஸ்வேர்டு போட்டாத்தான் நிக்கும். காரணமும் எழுதணும். எழுதினது அந்த நிமிஷமே அமைச்சகத்துக்கும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிடும்." எழுந்து மேஜைக்கு வந்தார், விசைப்பலகை மேல் கையை வைத்தார், அப்படியே நின்றார். "சிக்னல் கோளாறுன்னு போடட்டுமா?"

"சிக்னல் கோளாறுன்னா நாளைக்கு மறுபடி அனுப்புன்னு சொல்வாங்க. உண்மையை எழுதுங்க."

மூன்று ஐம்பத்திரண்டு. அவர் எழுதவில்லை. எனக்கு வந்ததே கோபம்! "யோவ், உன் பேர் பெரிசா, முப்பத்தேழு பிள்ளைங்க உயிர் பெரிசா? அடிய்யா!"

அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக. 'ட்விகா போர்டுகளில் தவறான எண். தெரிந்தே அப்படி வைத்தவன் நான். முரேத்தி.' பொத்தானை அழுத்தினார்.

திரையில் முப்பத்தேழு வரிகள். ஒவ்வொன்றாக 'நிறுத்தப்பட்டது' என்று மாறி வந்தது. நான் வாய்விட்டு எண்ணினேன். முப்பத்தாறில் நின்றுவிட்டது.

"ஒண்ணு குறையுது" என்றேன்.

கடைசி வரியில் வேறு எழுத்து. மூன்று நாற்பத்தொன்பதுக்கே எடுத்துக்கொண்டுவிட்டது, புதிதாக ஓடத் தொடங்கியும் விட்டது. "அடிக்கடி கரண்டு போய் வர்ற இடம். கடிகாரம் முன்னாடி ஓடியிருக்கு" என்றார் முரேத்தி.

"எந்த ஊர்?" என்றார் மேடம்.

செரோனோவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. நான் வாசித்தேன், வேறு வழியில்லாமல். கெரிச்சோ.

அவள் போன் முரேத்தியின் இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையையே உருவிக் கொட்டி எடுத்துக் கொடுத்தேன். மணி ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது மணிக்கு ஒரு ஆண் குரல் எடுத்தது.

"என்னம்மா செரோனோ, காலையிலேர்ந்து போனே எடுக்கலை?"

"கிப்தூ அண்ணா, எங்க இருக்க?"

"வார்டு வாசல்ல. அஞ்சு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க."

"உள்ள ஓடு. எதுவும் கேக்காத. பெட்டியைத் திறந்து பாப்பாவை வெளிய எடு."

"பைத்தியமா உனக்கு? நர்ஸ் தோலை உரிச்சுடுவாங்க!"

"உரிக்கட்டும்! அண்ணா, என் மேல சத்தியம், ஓடு!"

ஸ்பீக்கரில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு படாரென்றது. "யாருய்யா நீ, வெளிய போ!" என்று ஒரு பெண் குரல். ஏதோ தகரம் உருண்டது. "கையை எடு! கையை..." பிறகு அதே பெண் குரல், முற்றிலும் வேறு மாதிரி: "ஐயோ, பெட்டி கொதிக்குதே! இந்தப் பக்கம் கொடு... வேணாம், சட்டையைக் கழட்டு, நெஞ்சோட வெச்சுக்கோ, தலையைப் பிடி!"

அப்புறம் சத்தமே இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. மேடம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதை அவர் கவனித்திருக்க மாட்டார்.

பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிசாக ஓர் அழுகை கேட்டது.

"சிவந்து போயிருக்கா" என்றான் கிப்தூ. அவனும் அழுதுகொண்டிருந்தான். "உடம்பு சுடுது. ஆனா காலை உதைக்கறா செரோனோ. என்னையே உதைக்கறா."

செரோனோ தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கதவு திறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். பெரியவர் கையில் இருந்த தாளைப் பார்த்து, "செரோனோங்கறது யாரு?" என்று அதட்டினார்.

முரேத்தி எழுந்தார். "அவளை விடுங்க சார். நான்தான். எழுதியும் கொடுத்துட்டேன்."

"நீயா? அப்ப புகார் கொடுத்தது யாரு?" போலீஸ்காரர் குரல் இன்னும் ஏறியது.

"கொஞ்சம் மெதுவாப் பேசறீங்களா?" என்றாள் செரோனோ, இருவரையும் நிமிர்ந்து பார்க்காமலே. "பாப்பா இப்பத்தான் கண்ணை மூடறா."